கொஞ்சம் வெளியே உட்காருங்கள்

தீராத வயிற்றுவலி. தமிழ் நாளிதழ் படித்து வளர்ந்தவர்களுக்கு இது எந்த மாதிரிச் செய்தியில் வரும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தி, ஐந்தாறு வரி. ஊர், வயது, தொழில், தீராத வயிற்றுவலி, வாழ்க்கையில் வெறுப்பு, போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரணை. சில நாள் வயிற்றுவலியின் இடத்தில் குடும்பத் தகராறு இருக்கும். தேர்வு முடிவு வந்த வாரமென்றால் மதிப்பெண் குறைந்ததால் மனமுடைந்தார் என்று இருக்கும். பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் பல பத்தாண்டுகளாக இதை இப்படியேதான் எழுதினோம். வீட்டார் சொன்னதைக் காவல் நிலைய எழுத்தர் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதை நிருபர் அனுப்பினார். நிருபர் அனுப்பியதில் உதவி ஆசிரியர் இரண்டு வரியை வெட்டினார். உண்மையாகவே வயிற்றில் நோய் இருந்தவர்களும் அதில் உண்டு. நாள்பட்ட வலி மனிதரை முறித்துப்போடும். ஆனால் எத்தனை பேருக்கு வயிற்றில் வலி, எத்தனை பேருக்கு வேறெங்கோ வலி என்று ஒருவரும் திரும்பிப் போய்க் கேட்டதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் 19,834. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். காரணங்களின் பட்டியலில் முதலிடம் குடும்பப் பிரச்சினைக்கு, 31.7 விழுக்காடு. இரண்டாமிடம் நோய்க்கு, 18.4 விழுக்காடு. இந்தக் கட்டங்களை நிரப்பித் தருவதும் மேலே சொன்ன அதே சங்கிலிதான். வீட்டில் யார் என்ன சொல்ல விரும்பினார்களோ அதுவே தேசியப் புள்ளிவிவரமாகிறது.

வீட்டாரை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போதாததற்குச் சட்டமும் ஒன்று இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. பிழைத்தவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே காவலர் வாக்குமூலம் வாங்க வருவார். 'தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லு' என்று அதற்குமுன் யாராவது காதில் ஓதியிருப்பார்கள். வாழ்க்கையிலேயே மிகவும் உண்மை பேசியாக வேண்டிய நேரத்தில் அவருக்கு நாம் எழுதிக்கொடுத்த வசனம் பொய். 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடுமையான மன நெருக்கடியில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் பழைய 309 இல்லவே இல்லை. சட்டம் கைவிட்டுவிட்டது. காதில் ஓதும் பழக்கத்தை நாம் கைவிடவில்லை.

இந்திய பிரஸ் கவுன்சில் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலையொட்டி, தற்கொலைச் செய்தியில் என்னென்ன கூடாது என்று சொல்லியது. முறையை விவரிக்காதே, ஒற்றைக் காரணம் கட்டாதே, பரபரப்பாகத் தலைப்பிடாதே என்று. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம், செய்தியின் அடியில் உதவி எண்ணை ஒரு பெட்டியில் போட்டதுதான். மேலே தலைப்பு பழைய தலைப்பாகவே இருந்தது. ஒருவர் போன பிறகு எழுதுவதில் எங்களுக்கு இருந்த சுறுசுறுப்பு, அவர் போவதற்கு முன்னால் இருந்த மாதங்களைப் பற்றி எழுதுவதில் இருந்ததில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடக்கிற ஒருவர் யாரிடம் போவது, அந்த அறையில் என்ன நடக்கும், வாயைத் திறந்து முதலில் என்ன சொல்வது? ராசிபலனுக்கு நிரந்தரமாகப் பக்கம் ஒதுக்கிய நாங்கள் இதற்கு ஒதுக்கியதில்லை. விதிவிலக்குகள் உண்டு. மருத்துவர் ருத்ரன் போன்றவர்கள் தமிழில் தொடர்ந்து எழுதினார்கள். டாக்டர் மாத்ருபூதம் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் நம் வரவேற்பறைக்கே வந்தார். அவர் ஒரு மனநல மருத்துவர் என்பதைவிட, சங்கடமான கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்பவர், சினிமாவில் நகைச்சுவை வேடத்தில் வருபவர் என்பதுதான் நம் நினைவில் நின்றது.

சினிமாவைப் பற்றிச் சொன்னால் நீளும். ஒன்றே ஒன்று. தமிழர்களில் அதிகம் பேர் அறிந்த மனநல மருத்துவர் 2005இல் வந்த 'சந்திரமுகி'யின் சரவணன். அவர் எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துவிடுகிறார். பாதிக்கப்பட்ட பெண் உட்கார்ந்து, தடுமாறி, தன் வாயால் தன் கதையைச் சொல்வதற்கு அந்தப் பங்களாவில் வேலையே இல்லை. மனநலம் என்றால் நம் மனத்தில் இருப்பது இந்தப் படம்தான். மேதாவி ஒருவர் வருவார், பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வார். கூடவே கீழ்ப்பாக்கம் நகைச்சுவை. 1794இல் தொடங்கி 1871 முதல் இன்றைய வளாகத்தில் இயங்குகிற ஒரு மருத்துவமனையின் முகவரியை வசைச்சொல்லாக மாற்றிய பெருமை நம்முடையது. அந்த மருத்துவமனையைப் பல ஆண்டுகள் நிர்வகித்த டாக்டர் சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பை 1984இல் உருவாக்கியவர். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பத்திரிகையை விடுவோம். வீட்டுக்கு வருவோம்.

நம் வீடுகளில் மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். உனக்கென்ன குறை? எல்லாருக்கும் இருக்கிறதுதான். நாங்க படாத கஷ்டமா? காலையில எழுந்து நட. போனைக் கீழே வை. குலதெய்வத்துக்குப் போய் எத்தனை வருஷமாச்சு? எதுவும் கேட்காவிட்டால் கடைசி மருந்து, ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும். இந்தக் கடைசி மருந்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணையும் சேர்த்துக் கிணற்றில் தள்ளிய குடும்பங்களை நமக்குத் தெரியும். நாமே அந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுதிவிட்டு வந்திருக்கிறோம்.

பேசாதவருக்கு அழுத்தக்காரர், கல்லுளிமங்கன் என்று பெயர் வைத்தோம். பேசியவருக்குப் புலம்பல் கேஸ் என்று பெயர் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே ஒருவர் நிற்பதற்கு இடம் விடவில்லை. குழந்தை பெற்ற மூன்றாம் வாரம் காரணமில்லாமல் அழுகிறவளிடம், பச்சை உடம்போடு அழக்கூடாது என்று கண்டித்தோம். அழுகைக்குத் தடை போட்டுவிட்டு, அவள் பிள்ளையைத் தூக்கக்கூட மாட்டேன் என்கிறாள் என்று சம்பந்தி வீட்டுக்குப் புகாரும் அனுப்பினோம். ஆண்களின் கதை வேறு. நம் ஊர் ஆண்பிள்ளை மனம்விட்டுப் பேசுவது குடித்த பிறகுதான் என்பதை நாம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறோம். நண்பன் ஒருவன் பாரில் உட்கார்ந்து அழுதால் அரவணைக்கிறோம். மறுநாள் காலை அவனும் நினைவில்லாதது போல நடிப்பான், நாமும் நடிப்போம். மது மனச்சோர்வை ஆழமாக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், நிதானத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அது தெரிந்தும் அவனுடைய ஒரே பேச்சறையாக அதை விட்டுவைத்தோம்.

இப்படி இருபது, முப்பது ஆண்டு பழக்கப்பட்ட ஒருவர் ஒருநாள் உளவியலாளரின் அறைக்குள் போகிறார். அவரால் பேச முடியாமல் போனால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

அரசு மருத்துவமனையொன்றின் வெளிநோயாளிப் பிரிவில் பார்த்தது இது. பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கூடவே அம்மா. மேசைக்கு அந்தப் பக்கம் உளவியலாளர்.

"தம்பி, பேர் என்ன?"

அம்மா சொன்னார்.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"தூங்குறான் மேடம். பகல் பூரா தூங்குறான். ராத்திரிதான் கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு கெடக்குறான்."

"பசி?"

"வெச்சா சாப்பிடுவான். வெக்கலன்னா கேக்கவே மாட்டான்."

பையன் மேசை விளிம்பில் பெயர்ந்திருந்த மைக்காவை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்பதே அவனுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. உளவியலாளர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க."

"நான் இருந்தா என்ன மேடம்? எனக்குத் தெரியாம அவனுக்கு ஒண்ணும் கிடையாது."

"தெரியும்மா. கொஞ்ச நேரந்தான்."

அம்மா எழுந்தார். கட்டைப்பையை மட்டும் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார், இடம் பிடிப்பது போல.

நம் குடும்பப் பாசம் இந்த இடத்தில்தான் இடறுகிறது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. தூக்கம், பசி எல்லாம் அவர் கவனித்துதான் சொன்னார். ஆனால் பிள்ளையின் பசியைக்கூடப் பிள்ளை சொல்லக் கூடாது என்பது நமக்கு அன்பாகத் தெரிகிறது. புருஷனுக்காக மனைவி, மனைவிக்காக மாமியார், மகளுக்காக அப்பா என்று எல்லா அறையிலும் இதே குரல்மாற்று நடக்கிறது. திரையில் வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்று பழகியவர்கள் நாம்.

கதவு சாத்திய பிறகு உளவியலாளர் 'என்ன பிரச்சினை' என்று கேட்கவில்லை. "நேத்து காலைல எந்திரிச்சதுலேருந்து என்னென்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க. சின்னச் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், "பல்லு வெளக்கணும்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டே படுத்திருந்தேன். மத்தியானம் ஆயிருச்சு" என்றான். அந்த உளவியலாளர் பின்னர் இதைப் பொதுவாக விளக்கினார். உன் கவலை என்ன என்று கேட்டால் மனச்சோர்வில் இருப்பவர் ஒரு முழு வியாக்கியானம் தயாரிக்க வேண்டியிருக்கும்; அதற்கு அவரிடம் தெம்பு இல்லை. நேற்றைய பொழுதைச் சொல்வதற்குக் காரணம் தேட வேண்டாம். பல் விளக்க முடியாமல் கிடந்த அரை நாளில் நோயின் பாதி லட்சணம் வந்துவிடுகிறது.

நாம் அறியாமல் இருந்துவிட்ட முக்கியமான விஷயம் இதுதான். பேச்சை முதலில் பிடித்துக்கொள்வதே இந்த நோய்தான். மனச்சோர்வில் எண்ணம் மெதுவாகும், அசைவு மெதுவாகும், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளியை நாம் திமிர் என்று படித்தோம். அதோடு நோய் தன் பங்குக்கு உள்ளிருந்து வாதாடும். உன்னால் மற்றவர்களுக்குத் தொல்லை, உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று. கேட்டால் நம் குரல் மாதிரியே இருக்கும். உனக்கென்ன குறை என்று நாம் கேட்டதைத்தான் அது திருப்பிக் கேட்கிறது.

ஆகவே அந்த அறைக்குள் திறந்து பேசுவது என்பது ஒரே மூச்சில் கொட்டிவிடுவதல்ல. கொட்டிவிட்டுப் போனவர்களில் சிலர் வெட்கத்தில் அடுத்த முறை வருவதேயில்லை என்று உளவியலாளர்கள் சொல்வார்கள். பெரும்பாலோர் உடம்பிலிருந்து தொடங்குவார்கள். தலை பாரம், நெஞ்சு அடைப்பு, கை கால் ஓய்ச்சல். அதைத் தட்டிக்கழிக்காமல் கேட்கிற உளவியலாளரிடம் பிறகு மனசு வரும். சிலர் சோதித்துப் பார்ப்பார்கள். சின்னதாக ஒன்றைச் சொல்லிவிட்டு முகம் சுளிக்கிறாரா என்று நோட்டம் விடுவார்கள். நல்லாத்தான் இருக்கேன் என்று மூன்று வாரம் சொல்லிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. காசு கொடுத்துப் பொய் சொல்கிறானே என்று நமக்குத் தோன்றும். வீட்டில் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இதுவரை பாராட்டு கிடைத்திருக்கிறது என்பதை மறந்துவிடுவோம்.

வாயால் வராததை எழுதிக் கொண்டுபோகலாம். ஒரு பெண் தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதி, நாலாக மடித்து, ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று ஒரு உளவியலாளர் சொன்னார். நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் வீட்டில் யாராவது படித்துவிடுவார்களாம். தாளில் இருந்ததை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாளைக் கிழித்து அதன் முதுகில் எழுத வேண்டிய அளவுக்குத்தான் ஒரு பெண்ணுக்கு நம் வீட்டில் தனிமை இருக்கிறது.

முக்கியமான விஷயம் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். முக்கால் மணி நேரம் அலுவலகம், சம்பளம், தூக்கம் என்று பேசிவிட்டு, எழுந்து, கதவருகே போய்ச் செருப்பை மாட்டும்போது, "இன்னொண்ணு மேடம், சின்ன வயசுல ஒரு மாமா..." என்று தொடங்குவார்கள். நேரமில்லாத நேரம் பார்த்துச் சொல்வதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் அல்லவா? பழகிய உளவியலாளர் பதற மாட்டார். "சொன்னது நல்லது. அடுத்த தடவை இதுலேருந்து ஆரம்பிப்போமா?" என்பார். அந்த மாமாவை நாம்தான் எல்லா விசேஷத்துக்கும் முதல் பந்தியில் உட்கார வைத்தோம் என்பதையும் இந்த ஒப்புதலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தெரிந்த ஒருவராவது வீட்டில் இருந்திருப்பார். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று அவர்தான் சொல்லியிருப்பார்.

சாதியும் அந்த அறைக்குள் வரும். வேறு சாதிப் பையனை விரும்பிப் பிரிக்கப்பட்ட பெண், எதிரே இருப்பவர் எந்தப் பக்கம் என்று ஊர்ப்பெயரை வைத்தும் பேச்சை வைத்தும் கணிக்கப் பார்ப்பாள். ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் விடுதியில் நடந்ததைச் சொல்லும்போது, உங்கள் கற்பனையாக இருக்குமோ என்று ஒரு பார்வை வந்தாலே போதும், அத்தோடு முடிந்தது. சிறு நகரங்களில் இன்னொரு சிக்கல். இருக்கிற ஒரே கவுன்சலர் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடுகிற ஊர் இது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உபதேசம் செய்கிறவர், பாசிட்டிவா இருங்க என்று முடித்துவைக்கிறவர், உங்கள் காதலையோ நம்பிக்கையையோ எடைபோடுகிறவர் வாய்த்தால் வேறொருவரிடம் போகலாம். முதல் ஆளிடம் பிடிக்காமல் போனதால் பேச்சே தனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம். 'அப்பவே சொன்னேன்ல, இதெல்லாம் காசு பறிக்கிற வேலைன்னு' என்று நாமும் உடனே ஒத்து ஊதியிருப்போம்.

உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார். அது மனநல மருத்துவரின் வேலை. மனச்சோர்வு கடுமையாக இருந்தால் இரண்டும் தேவைப்படும். மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூடுதலாக. அந்த இரண்டு வாரத்துக்குள் நாம் என்ன செய்கிறோம்? தூக்க மாத்திரை கொடுத்து அடிமையாக்குகிறார்கள் என்று சித்தப்பா சொன்னதைக் கேட்டு அட்டையைப் பரண்மேல் போடுகிறோம். மனச்சோர்வுக்கான மருந்துகள் சாராயம் போல அடிமையாக்குவதில்லை. மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்துவதுதான் உடம்பைப் படுத்தும்.

மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. உலகெங்கும் பயன்படுகிறது, தமிழிலும் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, உங்களைப் பற்றியே தாழ்வாக நினைத்தீர்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை, மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, இறந்துபோனால் தேவலை என்றோ தன்னை வருத்திக்கொள்ளவோ எண்ணம் வந்ததா என்பது. தோளுக்குப் பின்னால் நின்று அண்ணன் எட்டிப் பார்த்தால் அந்த வரியில் சுழியம்தான் விழும். இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பயந்து நாம் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். நேராகக் கேட்டால் பலருக்கு ஆசுவாசமாகத்தான் இருக்கிறது.

அந்த அறையில் சொன்னது வெளியே போகாது என்பது உளவியலாளரின் நல்ல குணத்தைப் பொறுத்ததல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை உரிமையாகவே தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் அவசியமானவர்களிடம் அவசியமான அளவு சொல்லலாம். நல்ல உளவியலாளர் இந்த வரம்பை முதல் நாளே சொல்லிவிடுவார். சட்டத்துக்கு அடங்காதவர்கள் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் நாம்தான். 'என்ன கேட்டாங்க? எங்களைப் பத்தி என்ன சொன்ன?' என்று ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். இரவுக்குள் அத்தைக்கும், மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்விடுகிறது. அடுத்த முறை அந்தப் பையன் மைக்காவை நெம்புவதற்குத் திரும்பிவிட்டால் உளவியலாளர் மீண்டும் பல் விளக்கியதிலிருந்து தொடங்க வேண்டும்.

குடிமக்களாகவும் நம் பங்கு குறைவில்லை. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் இறந்தபோது நாடே பதறியது. பதற்றம் அடங்கியதும் சங்கிலியைக் கண்டித்துவிட்டோம் என்ற திருப்தியோடு திரும்பிவிட்டோம். அந்தச் சங்கிலிவரை போகவிடாமல் முன்னாலேயே பேசுவதற்கு மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கணக்கில் ஒரு மாவட்டக் குழுவுக்கு ஒரு மருத்துவ உளவியலாளர். மாவட்டத்தில் பத்து, இருபது, முப்பது லட்சம் பேர் இருந்தாலும் கணக்கு அதுதான். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை எட்டவேயில்லை. மேம்பாலம் கேட்டு மறியல் செய்த ஊர்கள் உண்டு. பள்ளிக்கு உளவியலாளர் கேட்டு மறியல் செய்த ஊரைப் பற்றி நான் செய்தி எழுதியதில்லை. தொலைபேசி வழிக்கு 2022 முதல் 14416 இருக்கிறது, இருபத்து நான்கு மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழில். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருப்பவருக்கு இதையாவது நாம் நம் வாயால் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிற ஒன்று மிச்சமிருக்கிறது. பொறாமை. மூன்று நான்கு முறை வந்துபோன பிறகு, அதே அம்மா பெஞ்சில் பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பத்து மாசம் சுமந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. யாரோ எவரோ, அந்தம்மாகிட்ட ஒரு மணி நேரமா என்னதான் பேசுவானோ." பக்கத்திலிருந்தவர் தலையாட்டினார். அவருடைய மகளும் உள்ளே போகக் காத்திருந்தாள். யாரோ எவரோவாக இருப்பதால்தான் அவனால் பேச முடிகிறது. அழ மாட்டார், மயங்கி விழ மாட்டார், உனக்காக நான் என்னென்ன பட்டேன் என்று கணக்கு எடுக்க மாட்டார், தீபாவளிக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடவும் மாட்டார். இது அந்த அம்மாவுக்குப் புரிய நாளாகும். புரியாமலும் போகலாம். கோபத்தோடுதான் இருந்தார். கதவு திறந்து பையன் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் என்ன பேசினாய் என்று கேட்கவில்லை. கட்டைப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமைக்குச் சீட்டுப் போடுகிற வரிசை எங்கே என்று செவிலியரிடம் விசாரித்தார். காலை ஏழரைக்கே வந்தால்தான் கிடைக்கும் என்றார் செவிலியர்.